‘ரிவர்ட்’ என்ற ஒரு சொல்லும் என் முதல் புளி ஏற்றுமதியும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் புளி மண்டிகளுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. தை முடிந்து மாசி வந்துவிட்டால் தெரு முழுக்கப் புளி தட்டுகிற சத்தம்தான். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கூலிக்குப் புளி தட்டியவர். ஓட்டை உடைத்து, நாரை உருவி, பழத்தைக் கல்லின்மேல் வைத்துக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினால் கொட்டை தனியாகத் தெறித்து விழும், சதை நசுங்காது. அந்தக் கைப்பக்குவத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கொட்டை நீக்கிய புளியை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. சரக்கு நன்றாகத்தான் போனது. சரக்கை விற்க நான் எழுதிய ஆங்கில மெயில்கள்தான் என்னைக் கவிழ்த்தன. நாலைந்து சொற்களால் முதல் வருடமே கிட்டத்தட்ட 60 ஆயிரம் ரூபாய் போனது. ஒரு நல்ல வாடிக்கையாளரும் ஏறக்குறைய கைவிட்டுப் போனார். அப்போது யாராவது ஒருத்தர் ‘இந்தச் சொல்லை இப்படி எழுதாதே’ என்று சொல்லியிருந்தால் போதும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. என்னைப் போல் சின்ன ஊரில் உட்கார்ந்து வெளிநாட்டுக்கு மெயில் எழுதுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். பி.காம். முடித்துவிட்டு ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் அலுவலகத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், துறைமுக ஏஜென்ட்டுக்கு மெயில் என்று நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் எழுத்து வேலை. அதனால் மெயில் ஆங்கிலம் எனக்கு அத்துப்படி என்ற நம்பிக்கை முழுதாக இருந்தது. 2023 கடைசியில் வேலையை விட்டுவிட்டு, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்கினேன். புளி நறுமணப் பொருள் வாரியத்தின் பட்டியலில் வருவதால் அங்கேயும் பதிவு செய்தேன். பேங்க், ஜிஎஸ்டி, பெட்டி அச்சடிப்பது என்று மூன்று மாதம் ஓடியது. விசாரித்த இடத்தில் எல்லாம் எச்சரிக்கை கிடைத்தது. ஈரம் இருந்தால் புளி கறுத்துவிடும், பணம் வராமல் சரக்கை ஏற்றாதே, பெட்டிக்குள் நல்ல பாலித்தீன் உறை போடு என்றார்கள். எல்லாம் நல்ல புத்திமதிகள். மெயிலில் என்ன எழுதுவது என்பதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அது ஒரு விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

முதல் ஆர்டர் இங்கிலாந்தில் இருக்கும் ஒரு மொத்த வியாபாரியிடம் இருந்து வந்தது. 3 டன், பத்துப் பத்துக் கிலோவாக 300 பெட்டி. ஜனவரியில் கிலோவுக்கு 1.90 டாலர் என்று விலை சொல்லியிருந்தேன். பிப்ரவரியில் மண்டி விலை ஏறியதும் 2.05 டாலர் ஆகும் என்று எழுதினேன். கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டு அவர் பதில் போட்டார். மண்டியில் பேசிப் பார்த்துவிட்டு திங்கட்கிழமை பதில் சொல்லலாம் என்று நினைத்து, தொழிற்சாலையில் நாள் தவறாமல் எழுதிய பழக்கத்தில், ‘வி வில் ரிவர்ட் தி ப்ரைஸ் பை மண்டே’ என்று ஒரு வரி போட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது. 2024 மார்ச் 4, திங்கட்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து பர்ச்சேஸ் ஆர்டரே வந்துவிட்டது. அதில் விலை 1.90. கூடவே, பழைய விலைக்கே திரும்பியதற்கு நன்றி என்று இரண்டு வரி. எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் எங்கே பழைய விலைக்கு ஒப்புக்கொண்டேன் என்று மெயிலை மேலிருந்து கீழே மூன்று தடவை படித்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஃபோனில் அகராதியைத் திறந்து ‘ரிவர்ட்’ என்று தட்டினேன். முன்பிருந்த நிலைக்குத் திரும்பிப் போவது என்று இருந்தது. பதில் சொல்வது என்ற பொருளில் இந்தச் சொல்லை நம் நாட்டு அலுவலகங்களில் எழுதுகிறோம், சிங்கப்பூர், மலேசியாவிலும் எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் அந்த மனிதர் படித்தது வேறு. ‘விலையைத் திங்கட்கிழமைக்குள் பழையபடியே ஆக்கிவிடுகிறோம்’ என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். நான் எழுதியதற்கு அதுதான் நேர்ப்பொருள்.

அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. மறுத்து எழுதியிருக்கலாம்தான். ஆனால் முதல் ஆர்டர், கையில் அவருடைய ஆர்டர் காகிதம், அதில் என் வரியையே எடுத்துக் காட்டியிருக்கிறார். சொன்ன சொல்லை மாற்றுகிறவள் என்ற பெயர் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டேன். கிலோவுக்கு 15 சென்ட், 3,000 கிலோவுக்கு 450 டாலர். அன்றைய மாற்று விலையில் 37 ஆயிரம் ரூபாய் சொச்சம். ஒரு கிலோ புளி தட்டினால் அம்மாவுக்கு என்ன கூலி என்று எனக்குத் தெரியும். அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. ‘ரிவர்ட்’ இருக்கும் இடத்தில் ‘ரிப்ளை’ என்று போட்டால் போதும். ‘வி வில் ரிப்ளை அபௌட் தி ப்ரைஸ் பை மண்டே, 4 மார்ச்’. பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுவதுபோல் இருக்கும், இருக்கட்டும். அதைவிட முக்கியம், விலை சொல்லும் ஒவ்வொரு மெயிலிலும் அந்த விலை எந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு வரி சேர்ப்பது. ‘திஸ் ப்ரைஸ் ஈஸ் வேலிட் அன்டில் 8 மார்ச் 2024’. இன்னும் முடிவாகவில்லை என்றால் ‘சப்ஜெக்ட் டு அவர் ஃபைனல் கன்ஃபர்மேஷன்’ என்று சேர்த்துவிடுங்கள். எங்கள் கடைசி ஒப்புதல் வந்தால்தான் இது செல்லும் என்று அர்த்தம். அன்றைக்கு இந்த ஐந்து சொல் என் மெயிலில் இருந்திருந்தால் 37 ஆயிரம் என் கையில் இருந்திருக்கும்.

இரண்டாவது அடி அதே மாதம். எங்கள் பேரம் எஃப்ஓபி முறையில். அந்த முறையில் கப்பலில் இடம் பிடிப்பது வாங்குகிறவர் வேலை, சரக்கை நேரத்துக்குத் துறைமுகத்தில் சேர்த்து, ஏற்றிக் கொடுப்பது வரைக்கும் நம் பொறுப்பு. சரக்கு எப்போது தயாராகும் என்று கேட்டார். மார்ச் 20க்குள் தயாராகிவிடும் என்று சொல்ல நினைத்து ‘தி கார்கோ வில் பி ரெடி டில் 20 மார்ச்’ என்று எழுதினேன். அவர் உடனே சென்னையில் உள்ள தன் ஏஜென்ட்டிடம் சொல்லி, மார்ச் 15க்குள் சரக்கு வந்து சேர வேண்டிய ஒரு கப்பலில் இடம் போட்டுவிட்டார். 14ஆம் தேதி காலையில் அந்த ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து ஃபோன். ‘மேடம், வண்டி கிளம்பிடுச்சா? நாளைக்கு மூணு மணிக்கு கட்-ஆஃப்.’ என் வீட்டில் அன்றைக்கு 110 பெட்டிதான் கட்டி முடிந்திருந்தது. மீதிப் புளி தார்ப்பாயில் காய்ந்துகொண்டிருந்தது.

நம் பேச்சில் ‘20ஆம் தேதிக்குள்ளே’ என்பதும் ‘20ஆம் தேதி வரைக்கும்’ என்பதும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ‘இருபது வரைக்கும் டைம் குடுங்க, முடிச்சுடறேன்’ என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். அந்த ‘வரைக்கும்’ அப்படியே ‘டில்’ ஆகி ஆங்கிலத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் ‘டில்’, ‘அன்டில்’ என்றால் ஒரு நிலை அந்த நாள் வரை தொடர்கிறது, அதன்பிறகு இல்லை என்று பொருள். ‘ரெடி டில் 20’ என்றால் சரக்கு தயாராக இருக்கிறது, 20 வரைதான் இருக்கும், சீக்கிரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆகிவிடும். அவர் அவசரப்பட்டதில் நியாயம் இருந்தது. நான் எழுதியிருக்க வேண்டியது ‘பை 20 மார்ச்’. கடை இத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதற்கு ‘அன்டில்’, இத்தனை மணிக்குள் வந்துவிடு என்பதற்கு ‘பை’ என்று கடையை வைத்து நினைவில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தவறியதில்லை.

அந்த இடம் ரத்தானதற்கான கட்டணம், வேறு கப்பலுக்கு மறுபடி இடம் போட்டது, வண்டிக்குக் காத்திருப்புக் கூலி எல்லாம் சேர்ந்து 14 ஆயிரம் ரூபாய். எஃப்ஓபியில் விற்கிறவர் சரக்கை நேரத்துக்குச் சேர்க்கவில்லை என்றால் அந்தச் செலவு விற்கிறவர் தலையில்தான் விழும். அம்மாவும் தெருவில் நாலு பெண்களும் மூன்று ராத்திரி கண் விழித்து தட்டிக் கொடுத்ததால்தான் அடுத்த கப்பலையாவது பிடித்தேன். அம்மாவுக்கு உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. ஆங்கிலத்தில் நாலே எழுத்துள்ள ஒரு சொல்லால் இப்படி ஆயிற்று என்று அவரிடம் எப்படி விளக்குவது? ‘கப்பல் முன்னாடியே வந்துடுச்சும்மா’ என்று மட்டும் சொன்னேன். அந்தப் பொய் இன்றைக்கும் உறுத்துகிறது.

தேதி பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இன்னும் கொஞ்சம். தேதியை எண்ணாக மட்டும் எழுதவே எழுதாதீர்கள். 05/06 என்றால் நமக்கும் இங்கிலாந்துக்காரருக்கும் ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. பர்கூர் பக்கம் கிரானைட் வியாபாரத்தில் இருக்கும் அண்ணன் ஒருவர் இப்படி எழுதி, ஒரு மாதம் முன்னாலேயே சரக்கு எங்கே என்று கேட்டு மெயில் வாங்கியவர். மாதத்தை எழுத்தில் எழுதினால் தீர்ந்தது. ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்றால் வருகிற வெள்ளியா அதற்கடுத்த வெள்ளியா என்று ஆங்கிலேயர்களுக்குள்ளேயே ஆளுக்கு ஒரு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். கிழமையோடு தேதியையும் சேர்த்துப் போடுங்கள். ‘டூ டேஸ் பிஃபோர்’ என்று தனியாக எழுதினால் எதற்கு இரண்டு நாள் முன்பு என்ற கேள்வி நிற்கும். இன்றிலிருந்து இரண்டு நாள் முன்பு என்பதற்கு ‘டூ டேஸ் அகோ’. லட்சம், கோடி வெளிநாட்டில் புரியாது, நம் முறையில் காற்புள்ளி போட்டு 1,50,000 என்று எழுதினாலும் குழம்புவார்கள். 150,000 என்று எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது அடியில் போன ரூபாய் சின்னது. ஆனால் எனக்கு அதிகம் வலித்தது அதுதான். சரக்கு போய்ச் சேர்ந்து, ஏப்ரல் கடைசியில் மீதிப் பணம் வந்தது. 3,990 டாலர் வர வேண்டும், என் கணக்கில் ஏறியது 3,962. வழியில் வேறு ஒரு பேங்க் தன் கட்டணமாக 28 டாலரைப் பிடித்திருக்கலாம். வெளிநாட்டுப் பண அனுப்பீட்டில் இது சாதாரணம். அந்தக் கட்டணம் யார் பொறுப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று ‘வி ஹேவ் எ டவுட் இன் யுவர் பேமென்ட், கைண்ட்லி க்ளாரிஃபை’ என்று எழுதினேன். மறுநாள் பேங்க் அனுப்பிய ரசீது மட்டும் மெயிலில் வந்தது. வணக்கம் இல்லை, நன்றி இல்லை, கீழே பெயர் மட்டும். அதற்கு முன்பு எல்லா மெயிலிலும் அம்மாவைப் பற்றி, மழையைப் பற்றி இரண்டு வரி விசாரிக்கிற மனிதர் அவர். இரண்டாவது ஆர்டர் மே மாதம் தருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. நான் போட்ட இரண்டு மெயிலுக்கும் பதில் இல்லை.

மூன்று மாதம் எனக்குக் காரணமே தெரியவில்லை. புளியில் ஏதோ குறை என்று நினைத்து, மீதம் வைத்திருந்த மாதிரிப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விரலால் பிட்டுப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். நல்ல செம்பழுப்பு நிறம், ஒரு கொட்டை இல்லை, ஒட்டுகிற பதம். குறை அங்கே இல்லை. ஜூலையில் ஒரு நாள் ராத்திரி, பழைய மெயில்களை ஒவ்வொன்றாகப் படித்து, நான் வழக்கமாக எழுதுகிற சொற்றொடர்களை எல்லாம் அகராதியில் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ‘டவுட்’ வந்தபோது மணி பதினொன்றரை. ஒன்றை நம்ப முடியவில்லை என்கிற ஐயம் என்று இருந்தது. ‘உங்கள் பணம் செலுத்துதலில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை’ என்று ஒரு நேர்மையான மனிதருக்கு எழுதியிருக்கிறேன். முகம் எல்லாம் சூடாகிவிட்டது.

தமிழில் சந்தேகம் என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ஆள்மேல் நம்பிக்கை இல்லாததும் சந்தேகம், பாடத்தில் புரியாததும் சந்தேகம். ‘டீச்சர், ஒரு டவுட்’ என்று கை தூக்கி வளர்ந்தவர்கள் நாம். ஆங்கிலத்தில் புரியாததைக் கேட்பதற்கு ‘க்வெஸ்டின்’ என்றுதான் சொல்ல வேண்டும். பணம், தரம், நேர்மை ஆகிய மூன்றுக்கும் பக்கத்தில் ‘டவுட்’ வரவே கூடாது. நான் எழுதியிருக்க வேண்டியது, ‘வி ரிசீவ்ட் 3,962 டாலர்ஸ். தி பேலன்ஸ் வாஸ் 3,990. டிட் தி பேங்க் டிடக்ட் 28 டாலர்ஸ் அஸ் சார்ஜஸ்?’ அவ்வளவுதான். எண் இருக்கிறது, கேள்வி இருக்கிறது, யார்மேலும் குற்றம் இல்லை.

அந்த ராத்திரியே அவருக்கு எழுதினேன். சுற்றி வளைக்கவில்லை. தவறான சொல்லைப் போட்டுவிட்டேன், என் மொழியில் கேள்விக்கும் ஐயத்துக்கும் ஒரே சொல், கேட்க நினைத்தது பேங்க் கட்டணத்தைப் பற்றி மட்டும், உங்களிடம் எனக்கு முழு நம்பிக்கை, மன்னியுங்கள் என்று ஐந்து வரி. மறுநாளே பதில் வந்தது. தானும் அவசரப்பட்டுவிட்டதாக எழுதியிருந்தார். ஆனால் அந்த வருடத்துக்குத் தேவையான புளியை வேறு நாட்டில் வாங்கி முடித்திருந்தார். 2025 பருவத்தில்தான் மறுபடி ஆர்டர் வந்தது. 28 டாலருக்காக ஒரு பருவம் போயிற்று. தப்பு தெரிந்த அன்றே நேராக ஒப்புக்கொண்டு எழுதிவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். நான் மூன்று மாதம் தாமதித்தேன், காரணம் தெரியாததால். உங்களுக்குப் பதில் நின்றுபோனால், சரக்கைப் பார்ப்பதற்கு முன்பு நீங்கள் கடைசியாக எழுதிய மெயிலைப் பாருங்கள்.

நடுவில் ஒரு காரியம் செய்தேன். ஆங்கிலம்தான் பிரச்சினை என்று புரிந்ததும், ஊரில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் 9,500 ரூபாய் கட்டி மூன்று மாதம் சாயங்காலத்தில் போனேன். ஃபோனில் பயமில்லாமல் பேச அது உதவியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எழுத்துக்கு அங்கே கொடுத்தது மரபுத்தொடர்ப் பட்டியல். நாயும் பூனையுமாக மழை பெய்கிறது என்ற வகை. ஒரு வாங்குகிறவரும் எனக்கு அப்படி எழுதியதில்லை. என்னைச் சாய்த்த எந்தச் சொல்லும் அந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் ‘ரிவர்ட்’டும் ‘டவுட்’டும் அங்கே பாடம் நடத்தியவர்களே நாளும் சொல்கிற சொற்கள். ஃபோனில் இலக்கணம் திருத்துகிற செயலியும் போட்டுப் பார்த்தேன். ‘வி வில் ரிவர்ட் தி ப்ரைஸ்’ என்பதை ஒரு கோடும் போடாமல் விட்டுவிட்டது. இலக்கணப்படி அது சரியான வாக்கியம்தானே. தமிழில் எழுதி இயந்திரத்தில் மொழிபெயர்த்தாலும் சந்தேகம் என்றால் ‘டவுட்’ என்றுதான் எனக்குக் கொடுத்தது.

இலக்கணப் பிழைக்கு நாம் பயப்படுகிற அளவு பயப்பட வேண்டியதில்லை என்பது என் அனுபவம். ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதினால் ‘அபௌட்’ அதிகம், ஆனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ‘ரிட்டர்ன் பேக்’, ‘ரிப்ளை பேக்’ எல்லாம் அந்த ரகம். ‘ஒன்லி’யைத் தப்பான இடத்தில் போட்டாலும் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள். சரியான வாக்கியமாக இருந்து, வேறு அர்த்தம் தருகிற தொடர்கள்தான் ஆபத்து. அப்படி நான் அனுபவித்த இன்னும் சில உண்டு. ‘வுட்’ என்பது ‘வில்’லுக்கு மரியாதையான வடிவம் என்று நினைத்து ‘தி கூட்ஸ் வுட் ரீச் ஆன் 12 ஏப்ரல்’ என்று எழுதுவேன். ‘வுட்’ என்றால் ஒரு நிபந்தனை தொங்குகிறது, என்ன ஆனால் போய்ச் சேரும் என்று எதிரில் இருப்பவர் காத்திருப்பார். உறுதியான விஷயத்துக்கு ‘வில்’தான். ‘ஃபியூ கார்ட்டன்ஸ் ஆர் ரெடி’ என்றால் தயாரானது ரொம்பக் கொஞ்சம், போதாது என்ற தொனி. ‘எ ஃபியூ’ என்றால் சில பெட்டிகள் தயார். ஒரு ‘எ’ அங்கே செய்கிற வேலை அவ்வளவு. ‘வி வொர்க்ட் ஹார்ட்லி’ என்று எழுதினால் ஏறக்குறைய உழைக்கவே இல்லை என்று நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். கடுமையாக உழைத்தோம் என்பதற்கு வெறும் ‘ஹார்ட்’ போதும். ‘ப்ரீபோன்’ நம் நாட்டில் பரவலாகப் புழங்குகிற சொல், எனக்கு அது பிடிக்கும், நம் ஆட்களுக்கு எழுதும்போது தாராளமாகப் பயன்படுத்துகிறேன். வெளிநாட்டு மெயிலில் மட்டும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்கு முன்னால் நகர்த்துகிறோம் என்று எழுதிவிடுகிறேன்.

‘ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பழைய வியாபாரக் கடிதங்களில் இருந்து வந்து, அங்கே வழக்கொழிந்து, நம்மிடம் தங்கிவிட்ட தொடர் இது. பழசு என்பதற்காக அதை விடச் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதே இல்லை. கப்பல் ரசீதின் நகலில் வாங்குகிறவர் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. பெயரைச் சரிபார்த்து ‘டூ தி நீட்ஃபுல்’ என்று ஏஜென்ட்டுக்கு எழுதினேன். அவர்கள், நான் நகலைச் சரிபார்த்துவிட்டேன், அப்படியே அச்சிடலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு திருத்தக் கட்டணம் 4,000 ரூபாய். இருவருமே தமிழர்கள், இருவரும் அதே இந்திய ஆங்கிலம் பழகியவர்கள், அப்படியும் நடந்தது. மூன்றாவது வரியில் இந்த எழுத்தை எடுத்துவிட்டு இந்த எழுத்தைப் போடுங்கள் என்று எழுதியிருந்தால் நடந்திருக்காது. ‘தி சேம்’ என்பதும் இப்படித்தான். ‘கைண்ட்லி செண்ட் தி சேம்’ என்றால் எதை? பொருளின் பெயரை மறுபடி எழுதச் சோம்பல் படாதீர்கள்.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். ஒரு நீளக் கணக்கு நோட்டு, நடுவில் கோடு. இடது பக்கம் நான் எழுதிப் பழகியது, வலது பக்கம் இனிமேல் எழுத வேண்டியது. வலது பக்கத்தில் இருப்பதில் பாதி, வாங்குகிறவர்களின் மெயிலிலிருந்தே எடுத்தது. அவர்கள் அவசரத்தை எப்படிச் சொல்கிறார்கள், மறுப்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்து அந்தத் தொடரையே திருப்பிப் பயன்படுத்துகிறேன். செலவில்லாத, நம்பகமான வகுப்பு அதுதான். சந்தேகமான தொடரை இணையத்தில் கிடைக்கிற, மொழி கற்பவர்களுக்கான ஆங்கில-ஆங்கில அகராதியில் பார்க்கிறேன். அதில் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும், அதைத்தான் படிக்க வேண்டும், தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்தால் ‘டவுட்’ விஷயத்தில் விழுந்த மாதிரியே விழுவோம். பணமும் தேதியும் வருகிற மெயிலை உடனே அனுப்புவதில்லை. எழுதிவிட்டு, தமிழே தெரியாத ஒருவர் படிப்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுத் தமிழில் திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன். இரண்டு அர்த்தம் வருகிற வரி அப்போது மாட்டிவிடும். பத்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். ஒரு மெயிலில் ஒரு விஷயம் என்றும் வைத்திருக்கிறேன். விலையும் தேதியும் பேக்கிங்கும் ஒரே மெயிலில் கலந்தால் நம் தப்பு எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரியாது. அப்புறம், ‘கொட்டை இல்லாத’ என்ற இடத்தில் ‘சீட்லெஸ்’ என்று மட்டும் எழுதாமல், கொட்டை அதிகபட்சம் இத்தனை சதவீதம் என்று எண் போடுகிறேன். தட்டுகிறது மனுஷக் கை, ஒரு கொட்டை தப்பத்தான் செய்யும்.

அம்மாவிடம் கப்பல் விஷயத்தில் நடந்ததைப் போன பொங்கலுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘அந்த எழுத்தைக் காட்டு’ என்றார். நோட்டைத் திறந்து ‘டில்’ என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. விரலை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, ‘இனிமே எழுதினதும் எனக்கு ஒருக்கா தமிழ்ல படிச்சுக் காட்டிட்டு அனுப்பு. எனக்குப் புரியலைன்னா அனுப்பாத’ என்றார். வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்பதை இப்போது அவர் எதிரில் உட்கார்ந்துதான் செய்கிறேன். அவர் கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். போன வாரம் ஒரு மெயிலில், ‘யாரு எடுத்துட்டுப் போவாங்கன்னு சொல்லலையே?’ என்று கேட்டார். பார்த்தால், வண்டி யார் பொறுப்பு என்று நான் எழுதவே இல்லை.